ஏழு மணிக் கணக்கு

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் நிறைந்த தொட்டியை எட்டு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும் என்று கேள்வி. நான் அப்போதுதான் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அதற்குப் பிறகு அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம். கணக்குக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்துவிட்டது. எல்.சி.எம். எடுக்க வேண்டும் என்றாள் மகள். நான் படித்த மீ.சி.ம.வைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று புரிவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. எட்டில் ஆறு போனால் இரண்டு என்று எழுதினேன். புத்தகத்தின் கடைசியில் விடை இருபத்து நான்கு என்று போட்டிருந்தது.

அந்த நேரத்தில் என் தம்பி வந்தான். நாமக்கல் போகும் வழியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். என் கணவர் வீட்டைவிட்டுப் போன பிறகு, பண்ணையிலிருந்து திரும்பும்போதெல்லாம் திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் ஒருமுறை நின்று முட்டை கொடுத்துவிட்டுத்தான் போவான். கணக்கை வாங்கிப் படித்தான்.

“கீழ தொறந்து உட்டுட்டு மேல எவனாச்சும் தண்ணி உடுவானா? மொதல்ல கேட்வால்வ மூடச் சொல்லு.”

மகள் சிரிக்கவில்லை. அவன் பேனாவை வாங்கி ஆறையும் எட்டையும் பெருக்கினான், நாற்பத்தெட்டு வந்தது. அதில் பாதி இருபத்து நான்கு, விடை வந்துவிட்டது என்றான். எதற்காகப் பாதி ஆக்கினாய் என்று நான் கேட்டதற்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினான். ஸ்டெப்புக்குத்தான் மார்க், விடைக்கு இல்லை மாமா என்று மகள் பொறுமையாகச் சொன்னாள். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், அப்பாவிடம் கேட்கலாம் என்றாள்.

தம்பி எழுந்து வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

என் கணவர் ஊரை ஒட்டியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் ஆசிரியராக இருந்தார். வருடா வருடம் பிள்ளைகள் சேர்வது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். வேலை போனது அவருக்கு மட்டும் இல்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக் கம்பெனியில் மேனேஜராகப் போனார், ஒருவர் டியூஷன் ஆரம்பித்தார். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வேலை தேடுகிறார் என்று நினைத்து முதலில் நான் தொந்தரவு செய்யாமல் இருந்தேன். பிறகு முகச்சவரம் செய்துகொள்வதை நிறுத்தினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். என்ன கேட்டாலும் “ம்” என்ற ஒரு எழுத்துதான். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஏதாவது பேசியிருப்போம்.

ஒரு காலையில், அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று புதுச்சத்திரத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். வேலை போனதும் பெண் மதிக்கவில்லை என்று அவர்கள் பக்கம் சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளையைத் தவிக்கவிட்டவன் என்று எங்கள் பக்கம் சொன்னார்கள். இது ஒரு நோயாக இருக்கலாம் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. முடிவில், சத்தம் போடாமல் இருவரும் சம்மதித்துப் பிரிந்துவிடுவது என்று பேசி, நாமக்கல் கோர்ட்டில் மனு போட்டார்கள். தம்பிதான் அதற்காக அலைந்தான்.

அந்த நிலைமையில்தான் என் மகள் கணக்கைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அதற்கு முன்னால் அவள் அனுப்பியிருந்த பிறந்தநாள் படம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம் எதற்கும் அவர் பதில் போட்டதில்லை. அதனால் நான் எதையும் எதிர்பார்க்காமல் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். இரண்டாவது விசில் வரும்போது போன் அடித்தது, மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒரு மணி நேரத்துல தொட்டியில எவ்வளவு நெறையும்? அத மட்டும் மொதல்ல சொல்லு சாமி.”

ஆறில் ஒரு பங்கு என்றாள். காலியாவது எவ்வளவு என்று கேட்டார். எட்டில் ஒரு பங்கு என்றாள். அப்படியென்றால் மிஞ்சுவது என்ன என்று கேட்டுவிட்டு அவள் எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அவள் விடையைச் சொன்னதும், சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். அப்போது கேட்ட குரல் அது. எங்கள் வீட்டில் அந்தக் குரல் நின்றுபோய் எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மறுநாளும் அவள் ஒரு கணக்கை அனுப்பினாள். அதற்கடுத்த நாளும் அனுப்பினாள். மெல்ல மெல்ல அது ஏழு மணிக்கு என்று ஆகிவிட்டது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் எப்போதும் விடையைச் சொல்ல மாட்டார். அதே சமயம் ஒரு ஸ்டெப் தப்பாகிவிட்டால் அவரால் தாங்க முடியாது. அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே “இரு, இரு” என்று குறுக்கே விழுவார். எங்கே தப்பு என்று அவளே கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். கணக்கு முடிந்ததும் அவள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் “ம்”. ஸ்கூலில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், “சரி, வைக்கட்டா?”

கடை முதலாளியிடம் சொல்லி நான் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த நேரத்தில் மிக்ஸி போட மாட்டேன். தாளிக்கவும் மாட்டேன். வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது மாதிரி சத்தம் இல்லாத வேலைகளை அதற்கென்று ஒதுக்கி வைப்பேன். சேர்ந்து வாழ்ந்துவிடலாம் என்று அப்போது நம்பினேனா என்றால், ஆமாம், நம்பினேன். தம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கோர்ட்டில் பிரிகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் தினமும் போனில் பேசவிட்டால் பிள்ளை மனசு என்ன ஆகும் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

நடுவில் ஒரு வாய்தாவுக்கு நாமக்கல் போனேன். கோர்ட்டு வராந்தாவில் அவர் தன் சித்தப்பாவோடு நின்றிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. கூட வந்திருந்த அவர் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோ யாரையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஜட்ஜ் லீவு என்று சொல்லி வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. கணக்கு முடிந்ததும் முதல் தடவையாக, போனை அம்மாவிடம் கொடு என்றார்.

மைனஸையும் மைனஸையும் பெருக்கும்போது அவள் குறியைத் தவற விடுகிறாள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்று சொன்னார். சரிங்க என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“பஸ்ஸுல உக்கார எடம் கெடைச்சுதா?”

“கெடைச்சுதுங்க.”

“சரி.”

அவ்வளவுதான். பிரியப்போகிற புருஷனும் பெண்டாட்டியும் அந்த வருடம் முழுக்கப் பேசிக்கொண்டது அது ஒன்றுதான். போன் அணைந்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மகள் வந்து வாங்கி சார்ஜில் போட்டாள்.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கணக்கு டீச்சர் வயதில் சின்னப் பெண். கணக்கில்தான் கொஞ்சம் கஷ்டப்படுகிறாள், தினமும் அவள் அப்பாவிடம் சந்தேகம் கேட்டுத்தான் போடுகிறாள் என்று நானே ஆரம்பித்தேன். டீச்சர் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, மகளின் பெயரை மறுபடி கேட்டார். பிறகு, உங்கள் பெண்ணுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எனக்குத் தொண்டை கட்டினால் அவளைத்தான் போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுவேன், மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள் என்றார்.

வரும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் சடையைப் பிரித்துவிடும்போது, முதுகுப்பக்கம் இருந்துதான் கேட்டேன். தெரிந்த கணக்கை ஏன் அப்பாவிடம் கேட்கிறாய் என்றேன்.

“கணக்கு கேட்டாத்தாம்மா அப்பா பேசறாங்க. வேற எதக் கேட்டாலும் வச்சுடறாங்க.”

எப்போதிருந்து என்று கேட்டேன். தொட்டிக் கணக்கு நிஜமாகவே தெரியவில்லை, அதற்குப் பிறகு வந்தவற்றில் நிறைய தெரியும் என்றாள். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றாள். நான் சொல்லவில்லை. பின்னால் கவனித்தபோது, தன் புத்தகத்தில் கேட்பதற்குக் கணக்கு தீர்ந்துபோய், மேல்வகுப்பு அக்கா ஒருத்தியிடம் பழைய புத்தகம் வாங்கி வைத்திருந்தது தெரிந்தது. அதில் இன்னும் நடத்தாத பாடத்தில் தேடித் தேடி, உண்மையாகவே தனக்குப் புரியாத கணக்கைக் குறித்து வைப்பாள். பொய்யாகச் சந்தேகம் கேட்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் அவர் பேச்சு குறைய ஆரம்பித்தது. கணக்கைப் படித்துக் காட்டினால், இன்னொரு தடவை படி என்பார். படித்த பிறகும் சத்தம் வராது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்ப்பாள். நாளைக்குப் பார்க்கலாம் என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். ஒரு வாரம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு சுவிட்ச் ஆஃப். அவர் அம்மாவின் எண்ணுக்கு மகள் கூப்பிட்டால், அப்பா தூங்குகிறான் சாமி என்ற பதில்தான் வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு எதற்காகத் தூங்குகிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பினோம். நாமக்கல்லில் சேலம் பஸ் மாறிப் புதுச்சத்திரத்தில் இறங்கினோம். ஹைவேயிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் வீடு. கதவைத் திறந்த என் மாமியார் கோர்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். ஆனால் என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா அம்மிணி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. பகல் வெளிச்சத்திலும் ட்யூப்லைட் எரிந்தது. கையில் மந்திரித்த கயிறு ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டியிருந்தது. மகள் அப்பா என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. நான் கதவுப் பக்கம் நின்றுவிட்டேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

ஒரு கணக்கை நிதானமாகப் படித்தாள். அவர் தோள் அசையவில்லை. நானே போட்டுப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள் அப்பா என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்டெப்பாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பாதியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“மைனஸ் மூணு இன்ட்டு மைனஸ் நாலு, மைனஸ் பன்னெண்டு.”

கணக்கு தெரியாத எனக்கே அது தப்பு என்று தெரியும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தியிருந்தாள். வெளியே ஹைவேயில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு முறை, இன்னும் மெதுவாக அதையே சொன்னாள். அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தான் எழுதியதை அடித்து, ப்ளஸ் பன்னிரண்டு என்று திருத்திக் கணக்கை முடித்தாள். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். பிறகு அவர் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

சமையலறையில் மாமியாரிடம், இவரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். கோயில் கோயிலாகப் போய் வந்ததை அவர் சொன்னார். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் போனால் ஊர் பேசுமே என்றும், கோர்ட்டில் கேஸ் இருக்கும்போது நீ எப்படிக் கூட்டிப் போவாய் என்றும் கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்தபடியே தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.  அவன், நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கார் கொண்டுவரட்டும் என்று கேட்டான்.

சேலத்தில் டாக்டர் பொறுமையானவர். என் கணவரைச் சட்டை பட்டன் போடவைத்துக் காருக்குள் உட்காரவைப்பதற்கே பாதிக் காலை போய்விட்டிருந்தது. மகளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் கூட வந்தாள். வெளியே உட்காரவைக்க நினைத்தேன். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார், விடவில்லை. அதனால் டாக்டர் அவளையும் உள்ளே வரச் சொன்னார். தூக்கம், பசி எல்லாம் கேட்டார். எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அப்புறம், எல்லோரிடமும் கேட்பதுதான், தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லி, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்.

அவர் தொண்ணூற்று மூன்று என்றார். வெகுநேரம் கழித்து எண்பத்தாறு என்றார். அதோடு நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கினார், மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்தார். பலகை நிறைய எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியவர். பக்கத்தில் என் மகளின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, எழுபத்தொன்பது என்பதை உதட்டாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் மெல்லக் கையைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“முடியலீங்க” என்றார் அவர்.

பரவாயில்லை என்றார் டாக்டர். இது மன அழுத்த நோய், முற்றிப்போய் வந்திருக்கிறீர்கள், மூளை கெட்டுப்போகவில்லை, கவனம் நிற்காது அவ்வளவுதான் என்று விளக்கினார். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியபோது, அதில் இருந்த மாத்திரைகளின் பெயர் எல்லாம் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. கடையில் தினமும் யார் யாருக்கோ எடுத்துக் கொடுப்பவை. தம்பி காரிலேயே உட்கார்ந்திருந்தான், மேலே வரவில்லை. நாங்கள் வந்ததும் அவருக்காகப் பின் கதவைத் திறந்துவிட்டான். மாமா, பார்த்து உட்காருங்க என்றான். அத்தனை காலத்துக்குப் பிறகு அவன் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நான் வக்கீலிடம் இனி வாய்தாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். யாரும் போகாததால் மனு தள்ளுபடி ஆனது. அதனால் நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அவர் புதுச்சத்திரத்தில்தான் இருக்கிறார். மாத்திரை வேலை செய்கிற மாதங்களில் எழுந்து குளிக்கிறார், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார். செய்யாத மாதங்களில் மறுபடி கட்டில். கணக்குப் புத்தகத்தை மட்டும் கையில் வாங்குவதில்லை. ஒருமுறை மகள் நீட்டியபோது எழுந்து தென்னைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் கொண்டுபோவதை விட்டுவிட்டாள்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. கணக்கு இருக்கிற குரூப்தான் எடுத்திருக்கிறாள். யாரிடமும் சந்தேகம் கேட்பதில்லை. சில கணக்குகளில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் போய் உட்காருவேன். என்னால் ஆவது ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள்.

போன மாதம் தம்பியின் காரில் சேலம் போய்த் திரும்பும்போது, வீட்டுக்கு வருகிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். டாக்டர் அன்று மாத்திரையைக் குறைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். புதுச்சத்திரத்தில் அவரை இறக்கிவிட்டோம். மாமியார் வெளியே வந்து கூட்டிக்கொண்டு போனார். மகள் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.  நாமக்கல் வந்ததும் தம்பி ஒரு ஓட்டல் முன்னால் வண்டியை ஓரம் கட்டி, பசிக்கிறதா என்று அவளைக் கேட்டான். பசிக்கிறது மாமா என்றாள்.